ஒரு கட்டுரைப் பரிசின் கதை

பொற்கிழி என்றதும் தருமியின் நினைவு வராத தமிழர் இலர். பாண்டிய மன்னனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. அதனைத் தீர்க்கும் பாடலுக்கு ஆயிரம் பொன் கொண்ட கிழியைச் சங்க மண்டபத்திலே தொங்க விட்டான். வறியவனாகிய தருமி ஒரு பாடலைக் கொண்டு வந்தான். மன்னன் மகிழ்ந்தான், நக்கீரர் குற்றம் கண்டார். பாடலை இயற்றியவர் இறைவனே என்று தெரிந்த பின்னும் அவர் தம் தீர்ப்பை மாற்றிக் கொள்ளவில்லை. திருவிளையாடற் புராணம் கூறும் இக்கதையிலே பரிசு பற்றிய நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பொருள் கொடுப்பவர் யார்? தலைப்பைத் தருபவர் யார்? எழுதுபவர் யார்? தீர்ப்புக் கூறுபவர் எதனைப் பார்த்துக் கூற வேண்டும்?

நம் மன்றத்தின் சார்பில் ஆண்டுதோறும் ஒரு தமிழ்க் கட்டுரைப் பரிசு வழங்க வேண்டும், அதற்கென நிலையான நிதி ஒன்று திரட்ட வேண்டும் என்ற பேச்சு நண்பர்களிடையே எழுந்துள்ளது. நல்ல எண்ணம். ஆனால், நிதி திரட்டுவதற்கு முன் மேற்கூறிய நான்கு கேள்விகளுக்கும் நாம் விடை காண வேண்டும். அதற்குத் துணையாக ஒரு பழைய பரிசின் வரலாற்றை இங்கே எடுத்துரைக்கிறேன். அது தோன்றிய இடம் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம். ஆயினும் அதன் வேர் நம் நாட்டு மண்ணிலே ஓடியிருந்தது. அதன் பெயர் லெ பா பரிசு.

யார் இந்த லெ பா?

சார்லஸ் வெப் லெ பா 1779-ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, தேர்வில் முன்னணியில் நின்று, டிரினிட்டி கல்லூரியில் ஆய்வாளர் பதவியும் பெற்றார். பின்னர்ச் சமயப் பணியில் ஈடுபட்டார். 1813-இல் எயில்பெரி என்னும் இடத்திலிருந்த கிழக்கிந்தியக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக அமர்ந்தார். 1837 முதல் 1843 வரை அக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். 1861-இல் மறைந்தார்.

அந்தக் கல்லூரியைப் பற்றியும் சிறிது அறிந்து கொள்ள வேண்டும். இந்தியாவில் வரி தண்டவும், வழக்குத் தீர்க்கவும், மாவட்டங்களை ஆளவும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றுவதற்காகவே 1806-இல் ஆர்ட்பர்டு நகரத்தில் கம்பெனி ஒரு கல்லூரியைத் தொடங்கியது. 1809-இல் அது எயில்பெரிக்கு மாறியது. மக்கட் பெருக்கம் பற்றிய கோட்பாட்டால் உலகப் புகழ் பெற்ற மால்தஸ் அங்கே வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். அவர் 1834-இல் மறையும் வரையில் லெ பாவும் அவரும் ஒரே கல்லூரியில் பணியாற்றியவர்கள். கம்பெனி இயக்குநர்களின் பரிந்துரையைப் பெற்ற இளைஞர்களே அங்குச் சேர முடியும். அங்குப் படித்துக் கப்பலேறிச் சென்னைக்கு வந்தவர்கள், 1812-இல் நிறுவப்பட்ட சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைப் பயின்றனர். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லீசர் முயன்று உருவாக்கிய கல்லூரி அது.

லெ பா எயில்பெரியில் இருந்த காலத்தில் அங்கு மாணவராயிருந்தவர்களுள், பின்னாளில் இந்தியாவின் வைசிராயாக வந்த ஜான் லாரன்சும், 1859-60-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவிலியனும் உண்டு. லெ பாவோ இந்தியாவுக்கு வந்து ஆட்சி புரிந்தவர் அல்லர். கல்கத்தாவின் முதல் ஆங்கிலிக்க ஆயரான மிடில்டனின் வாழ்க்கை வரலாற்றை 1831-இல் இரண்டு தொகுதிகளாக எழுதி வெளியிட்டார். இவ்வாறு நூல் வழியாகவும் மாணவர் வழியாகவும் இந்தியாவோடு தொடர்பு கொண்டிருந்த ஆசிரியர் அவர்.

கொடையும் அதன் சொற்களும்

லெ பா ஓய்வு பெற்று ஐந்தாண்டுகள் சென்றபின், 1848-இல், அவருடைய பழைய மாணவர்கள் ஒன்றுகூடிப் பொருள் திரட்டினர். ஏறத்தாழ 1,900 பவுன் மதிப்புள்ள அரசாங்கக் கடன் பத்திரங்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திடம் ஒப்படைத்தனர். அதன் வட்டியிலிருந்து, தம் ஆசிரியர் பெயரால், சிறந்த ஆங்கிலக் கட்டுரைக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க வேண்டும் என்று வேண்டினர். பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆன இளைஞர்களை எண்ணி ஏற்படுத்தப்பட்ட பரிசு இது.

கொடையாளர் விதித்த நிபந்தனையைக் கூர்ந்து நோக்குவோம். கட்டுரையின் பொருள் பொது இலக்கியம் பற்றியதாக இருக்க வேண்டும். ஆனால், இடையிடையே ஆங்கிலேய-இந்தியப் பேரரசின் வரலாறு, அதன் அமைப்புகள், அதன் எதிர்காலம் ஆகியவற்றைத் தொட்ட தலைப்புகளும் தரப்பட வேண்டும். இலக்கியம் ஒரு பக்கம். இந்திய ஆட்சி மறு பக்கம். ஒரே பரிசுக்குள் இரண்டு விருப்பங்கள் இடம் பெற்றன.

இது ஏன் என்பதை அந்த ஆண்டின் நிகழ்ச்சிகள் விளக்கும். 1848 சனவரியில் டல்கௌசி பிரபு தலைமை ஆளுநராக வந்தார். அதே ஆண்டில் இரண்டாம் சீக்கியப் போர் மூண்டது. மறு ஆண்டில் பஞ்சாப் கம்பெனி ஆட்சியோடு இணைக்கப்பட்டது. எல்லை விரிந்து கொண்டே சென்ற காலம் அது. இந்தப் பேரரசு எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி ஆட்சியாளர் உள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை. அக்கேள்வியைக் கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் ஆராய வேண்டும் என்று அவர்கள் விரும்பினர்.

பணம் எங்கிருந்து வந்தது?

பொருள் கொடுப்பவர் யார் என்பது முதற் கேள்வி. லெ பாவின் பழைய மாணவர்கள் என்பது அதற்கு நேரான விடை. ஆனால், அந்த விடையோடு நாம் நின்றுவிடக் கூடாது. எயில்பெரி மாணவர்கள் கம்பெனி ஊழியத்திற்கென்றே பயிற்றப்பட்டவர்கள். அவ்வூழியத்தின் சம்பளம் இந்தியாவில் தண்டிய வருவாயிலிருந்து தரப்பட்டது. அவ்வருவாயில் பெரும்பங்கு நிலவரி. ஆகவே, கேம்பிரிட்ஜில் ஓர் இளைஞன் கட்டுரை எழுதிப் பெற்ற பவுனிலே, தஞ்சையிலோ வங்கத்திலோ ஏர் பிடித்த ஓர் உழவனின் வியர்வையும் கலந்திருந்தது எனலாம்.

இதைக் குற்றச்சாட்டாக நான் கூறவில்லை. ஆசிரியரிடத்தில் அன்பு கொண்ட மாணவர்கள் செய்த கொடை அது. அந்த அன்பு உண்மையானது. ஆனால், அறக்கொடையின் வரலாற்றை எழுதும்போது கொடையாளரின் பெயரோடு நின்றுவிட்டால் பாதி வரலாறே எழுதியவர்களாவோம். பணம் எந்த வழியாக அவர் கைக்கு வந்தது என்பதையும் நோக்கினால்தான் வரலாறு முழுமை பெறும்.

கேள்வி யாருடையது? விடை யாருடையது?

இரண்டாவது கேள்வி தலைப்பைப் பற்றியது. இந்தியாவின் எதிர்காலம் எவ்வாறிருக்கும் என்று 1848-இல் கேம்பிரிட்ஜ் பட்டதாரிகளைக் கேட்டார்கள். அதே கேள்வியைச் சென்னையிலோ கல்கத்தாவிலோ ஒரு மாணவனைக் கேட்டிருக்க முடியுமா? பல்கலைக் கழகக் கட்டுரைப் போட்டி மூலம் கேட்டிருக்க முடியாது. ஏனெனில், அப்போது அந்நகரங்களில் பல்கலைக் கழகமே இல்லை. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் மூன்றும் 1857-இல்தான் தோன்றின. லெ பா பரிசு பிறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரே நம் நாட்டு இளைஞருக்கு இத்தகைய பல்கலைக் கழக வாயில் திறந்தது. எவருடைய எதிர்காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்களோ, அவர்களுடைய பிள்ளைகளுக்கு அக்கட்டுரையை எழுதும் வாய்ப்பு இல்லை.

இங்கேதான் காலம் ஒரு விந்தை புரிந்தது. 1853-ஆம் ஆண்டுச் சட்டம், இயக்குநர்களின் பரிந்துரையால் ஆட்களை எடுக்கும் முறையை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டு வந்தது. முதல் தேர்வு 1855-இல் நடந்தது. எயில்பெரிக் கல்லூரிக்கு வேலையில்லாமற் போயிற்று. 1858 தொடக்கத்திலேயே அது மூடப்பட்டது. அதே ஆண்டில் கம்பெனி ஆட்சி முடிவுற்றது. 1874-இல் கம்பெனியே கலைந்தது. 1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. எந்தப் பேரரசின் எதிர்காலத்தைப் பற்றி எழுதச் சொன்னார்களோ அப்பேரரசுக்கு எதிர்காலமே இல்லை என்று வரலாறு தானே விடை எழுதி விட்டது.

கல்லூரி போயிற்று, கம்பெனி போயிற்று. பரிசோ அவற்றுக்குப் பின்னும் நின்றது. எப்படி? ‘பொது இலக்கியம்’ என்ற இரு சொற்களே அதனைக் காத்தன. பேரரசு பற்றிய தலைப்பு ‘இடையிடையே’ வந்தால் போதும் என்று எழுதியிருந்தமையால், அது வராமற் போனாலும் பரிசு பொருளற்றுப் போகவில்லை. கொடையாளர்கள் பேரரசை மட்டுமே பொருளாக வைத்து எழுதியிருந்தால், இப்பரிசு என்றோ பழம்பொருட் காட்சிச் சாலைக்குரிய ஒன்றாகியிருக்கும்.

எழுதியவர்கள்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இப்பரிசை வென்றவர்களுள் மூவரைப் பார்த்தால் அதன் போக்கு விளங்கும்.

பிரடெரிக் பாரர் 1856-இல் பரிசு பெற்றார். அவர் பம்பாயில் 1831-இல் பிறந்தவர். எலிசபெத்து, முதலாம் ஜேம்ஸ் ஆகியோர் காலத்து ஆங்கில இலக்கியத்தின் மீது பண்டைய கிரேக்க, இலத்தீன் நூற்கல்வியின் மறுமலர்ச்சி எவ்வாறு செல்வாக்குச் செலுத்தியது என்பதே அவருடைய கட்டுரைப் பொருள். பின்னாளில் பள்ளி மாணவர் வாழ்வைப் பற்றிய கதையாலும், இயேசுவின் வரலாற்றாலும் பெரும் புகழ் அடைந்து, காண்டர்பரி தேவாலயத்தின் தலைவராக உயர்ந்தார்.

பேசில் வில்லி என்பவரின் பரிசுக் கட்டுரை 1922-இல் சிறு நூலாக வெளிவந்தது. மறுமலர்ச்சிக் கால இலக்கியக் கொள்கையின் போக்குகளை அது ஆராய்கிறது. 1934-இல் பதினேழாம் நூற்றாண்டின் சிந்தனைப் பின்னணியை விளக்கும் நூலை எழுதி அவர் ஆராய்ச்சியாளரிடையே நிலைபெற்றார். ஆங்கில இலக்கியம் பயிலும் நம் நண்பர்கள் அந்நூலை அறிந்திருப்பார்கள். 1946-இல் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. அவரை அடுத்து ஹியூ சைக்ஸ் டேவிஸ் என்பவர் நாடகத்தில் நடப்பியல் என்னும் பொருளில் எழுதிய பரிசுக் கட்டுரையும் 1934-இல் அச்சேறியது.

இம்மூன்று கட்டுரைகளின் பொருளையும் நோக்குங்கள். மூன்றும் இலக்கிய ஆராய்ச்சி. மூன்றும் நூலாகி மற்றவர் கைக்குச் சென்றன. பரிசுப் பணம் செலவழிந்து போகும். பாராட்டு விழா ஒரு மாலைப் பொழுதோடு முடிந்து போகும். எஞ்சி நிற்பது அச்சேறிய கட்டுரைதான். இளைஞன் ஒருவன் ஒரு பொருளைப் பல மாதம் ஆழ்ந்து கற்று, ஒழுங்குபட எழுதிப் பழகுகிறான். அந்தப் பழக்கமே பின்னாளில் அவனைப் பெரு நூல் எழுத வைக்கிறது. பேசில் வில்லியின் வாழ்வு இதற்குச் சான்று.

பெயர் அறியாத் தீர்ப்பு

நான்காவது கேள்வி தீர்ப்பைப் பற்றியது. கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்போர்டு ஆகிய இரு பல்கலைக் கழகங்களின் பரிசுகளிலும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கட்டுரையாளன் தன் பெயரைக் கட்டுரையில் எழுதக் கூடாது. அதற்குப் பதிலாக ஒரு முதுமொழியைத் தலைப்பில் எழுதுவான். அதே முதுமொழியை ஓர் உறையின் மேல் எழுதி, உள்ளே தன் பெயரை வைத்து முத்திரையிட்டு அனுப்புவான். வென்ற கட்டுரையின் உறை மட்டுமே பிரிக்கப்படும். எழுதியவர் பிரபுவின் மகனா, ஏழைப் பாதிரியின் மகனா என்பது நடுவருக்குத் தெரியாது. ஆளைப் பாராமல் எழுத்தைப் பார்க்க வேண்டும் என்று நக்கீரர் காட்டிய நெறிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

இத்தகைய பரிசுகளில் ஆக்ஸ்போர்டின் வேந்தர் பரிசு இன்னும் பழைமையானது. 1768-இல், அப்போது வேந்தராயிருந்த லிச்பீல்டு பிரபுவால் அது ஏற்பட்டது. அதன் ஆங்கிலக் கட்டுரைப் பரிசை 1805-இல் வென்றவர் ரெஜினால்டு ஈபர். திருச்சி நண்பர்களுக்கு அப்பெயர் புதிதன்று. கல்கத்தா ஆயராகி, பயணத்தின்போது 1826 ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் உயிர் நீத்தவர் அவரே. அங்குள்ள பிஷப் ஈபர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே வேந்தர் பரிசின் வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1879-ஆம் ஆண்டிற்குப் பண்டைக் கால மக்களிடையே வரலாற்றுத் திறனாய்வு என்பது தலைப்பு. முந்திய ஆண்டிலேயே கவிதைக்கு நியூடிகேட் பரிசு வென்றிருந்த ஆஸ்கார் வைல்டு அதற்கெனக் கட்டுரை எழுதினார். அவ்வாண்டு எவருக்குமே பரிசு இல்லை என்று நடுவர்கள் தீர்ப்பளித்தனர். வைல்டு பின்னர் ஆங்கில நாடக உலகில் புகழின் உச்சியை அடைந்து, 1900-இல் மறைந்தார். அதன் பிறகே அக்கட்டுரை அச்சேறியது. இன்று அவருடைய நூற்றொகுதிகளில் அதற்கும் இடம் உண்டு. தகுதியில்லை எனில் பரிசை நிறுத்தி வைக்கும் உரிமை நடுவருக்கு வேண்டும். அது பரிசின் மதிப்பைக் காக்கும். ஆனால், பரிசு பெறாத கட்டுரையெல்லாம் பயனற்றது என்று எண்ணுவது தவறு. இந்த இரண்டு பாடங்களையும் அந்த ஒரு நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கிறது.

வட்டி தேயும் கதை

இனி, நிதி பற்றியும் ஒரு சொல். லெ பா நிதி மூன்று விழுக்காடு வட்டி தரும் ‘கன்சால்’ பத்திரங்களாகக் கொடுக்கப்பட்டது. 1,900 பவுனுக்கு ஆண்டு வட்டி 57 பவுன். அரசாங்கக் கடன் பத்திரத்தைவிட உறுதியானது எது என்றே அக்காலத்தில் யாவரும் எண்ணினர். ஆனால், 1888-இல் நிதியமைச்சர் கோஷன் அப்பத்திரங்களை மாற்றியமைத்தார். வட்டி 2¾ விழுக்காடாகவும், 1903 முதல் 2½ விழுக்காடாகவும் இறங்கியது. அதே பத்திரத்தில் கிடக்கும் 1,900 பவுன் அதன்பின் ஆண்டுக்கு 47½ பவுனே தந்தது. விலைவாசியோ ஏறிக்கொண்டே செல்லும். முதல் குறையாமலே பரிசு தேய்ந்து போகும் வழி இது. அறக்கட்டளைகள் பல ஓசையின்றி மெலிந்து போவது இவ்வாறுதான்.

நம் நாட்டிலும் பெருங்கொடைகள் உண்டு. பம்பாய் வணிகர் பிரேம்சந்து ராய்சந்து 1866-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கினார். அவர் பெயரால் ஏற்பட்ட உதவித்தொகையை வென்றவர்களுள் ஆசுதோஷ் முகர்ஜியும் ஒருவர். பம்பாய்க்காரர் ஒருவர் வங்கத்து மாணவருக்காகக் கொடுத்த கொடை அது. ஊரும் மொழியும் கடந்து கல்விக்குக் கொடுக்கும் உள்ளம் நம்மவர்க்கும் இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நாம் செய்ய வேண்டுவன

நம் நிதி சிறியது. நூறும் இருநூறுமாக மாணவரிடமும் பழைய மாணவரிடமும் திரட்டப் போகிறோம். சிறிதாயினும் விதிகளைச் செவ்வனே எழுதிவிட்டால் அது நமக்குப் பின்னும் வாழும். என் கருத்தில் அவ்விதிகள் ஐந்து.

ஒன்று, பொருளைக் குறுக்கக் கூடாது. இன்றைய கட்சி, இன்றைய தலைவர், இன்றைய பூசல் ஆகியவற்றைப் பரிசின் நிலையான பொருளாக்கினால், நாளை வரும் மாணவனுக்கு அது சுமையாகும். ‘தமிழ் இலக்கியமும் வாழ்வும்’ என்பது போன்ற அகன்ற வரம்பு போதும்.

இரண்டு, தலைப்பைத் தேரும் குழுவில் எழுதப் போகும் மாணவர்களின் சார்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். அவ்வாறு சார்பாளராக இருப்பவர் அவ்வாண்டு போட்டியில் கலந்து கொள்ளலாகாது. நம்மைப் பற்றிய கேள்வியை நம்மைக் கேளாமலே கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதை நாமே நம் இளையவர்க்குச் செய்யக் கூடாது.

மூன்று, கட்டுரையில் பெயர் இருக்கக் கூடாது. எண் ஒன்றே இருக்க வேண்டும். சிறிய மன்றத்தில் ஒருவரையொருவர் அறிவோம். அதனாலேயே இவ்விதி நமக்கு மிகவும் வேண்டும்.

நான்கு, தகுதியான கட்டுரை வராத ஆண்டில் பரிசு வழங்க வேண்டா. அவ்வாண்டு வட்டியை முதலோடு சேர்த்து விடலாம். ஒவ்வோர் ஆண்டும் வட்டியில் ஒரு சிறு பகுதி முதலோடு சேர வேண்டும் என்றும் எழுதி வைத்தால், பரிசு தேயாமல் காக்கலாம்.

ஐந்து, வென்ற கட்டுரையோடு நல்ல கட்டுரைகள் இரண்டொன்றையும் இவ்விதழில் அச்சிட வேண்டும். இவ்விதி ஒன்றை விட்டுவிட்டாலும் மற்ற நான்கும் வீணாகும் என்றே நான் கருதுகிறேன்.

இதனை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரியில் பயில்பவனுக்குத் தமிழ் எழுதும் வாய்ப்பு வகுப்பிலேயே கிடைக்கிறது. நமக்கு அப்படியில்லை. வகுப்பில் ஆங்கிலம், கடைத் தெருவில் இந்தி, அறைக்குத் திரும்பினால் நண்பர்களோடு பேசத் தமிழ். பேச்சுத் தமிழ் நம்மிடம் குறையவில்லை. எழுத்துத் தமிழ்தான் ஆண்டுக்காண்டு மெலிகிறது. வீட்டோடு தொலைபேசியிலேயே பேசிவிடுவதால் கடிதம் எழுதும் பழக்கமும் போய்விட்டது. பொருளியலும் இயற்பியலும் பயிலும் நம் நண்பர்கள், தாம் கற்றதைப் பத்துப் பக்கம் தமிழில் எழுத வேண்டுமென்றால் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை மேடைப் பேச்சுப் போக்காது. ஒரு பொருளை எடுத்து, நூலகத்தில் அமர்ந்து, எழுதி, அடித்து, மீண்டும் எழுதினால்தான் அது போகும். அதற்கொரு தூண்டுதலாக இப்பரிசு அமையட்டும்.

லெ பாவின் மாணவர்கள் தம் ஆசிரியரை நினைத்துக் கொடுத்தனர். அவர்கள் நிலைக்கும் என்று எண்ணிய பேரரசு நிலைக்கவில்லை. இலக்கியத்திற்கென்று எழுதிவைத்த இரு சொற்கள் நிலைத்தன. நாமும் நிலைக்கக் கூடியதற்கே கொடுப்போம். மன்றத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தில் இவ்வைந்து விதிகளையும் நண்பர்கள் ஆராய்ந்து, குறையிருப்பின் திருத்தி, நிதியைத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.